ஷ்யூர்ஃப்ளை எலெக்ட்ரானிக் மேக்னெட்டோ: ஸ்டார்ட்டுக்காக வாங்கலாம், பெட்ரோல் மிச்சத்துக்காக வேண்டாம்

சின்ன பிஸ்டன் விமானங்களில் இன்னமும் ஸ்பார்க் கொடுப்பது மேக்னெட்டோதான். செஸ்னா 172, பைப்பர் செரோக்கி வகை விமானங்களின் லைகமிங் என்ஜினில் பின்பக்கம் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் சிலிண்டருக்கு ஒரு பிளக்குக்கு ஸ்பார்க் அனுப்பும். பேட்டரி தேவையில்லை, ஆல்டர்னேட்டர் தேவையில்லை. என்ஜின் சுற்றினால் போதும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் கிரான்பரியில் தயாராகும் ஷ்யூர்ஃப்ளை, அந்த இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் போல்ட் போட்டு மாட்டுகிற எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி. அமெரிக்க விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏ-யின் கூடுதல் வகைச் சான்று உண்டு. சான்றிதழ் பெற்ற விமானத்திலேயே பொருத்தலாம். 4 சிலிண்டர், 6 சிலிண்டர் லைகமிங், கான்டினென்டல் என்ஜின்களுக்குத் தனித்தனி மாடல்கள் உள்ளன. 12 வோல்ட், 24 வோல்ட் இரண்டிலும் ஓடும். ஒரு ஷ்யூர்ஃப்ளை, ஒரு மேக்னெட்டோ என்ற அமைப்பைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சட்டென்று ஸ்டார்ட் ஆகவும், 500 மணி நேரத்துக்கு ஒருமுறை மேக்னெட்டோவைப் பிரித்துப் பார்க்கும் செலவைக் குறைக்கவும் இது நல்ல பொருள். 'பெட்ரோல் மிச்சமாகும்' என்ற விளம்பரத்துக்காக வாங்குபவர்கள், அதிலும் ஈயமில்லாத பெட்ரோலுக்கு மாறப்போகிறவர்கள், கொஞ்சம் பொறுத்துக் கணக்குப் போட வேண்டும்.

பழைய மேக்னெட்டோவின் குறை என்ன? ஸ்டார்ட்டர் என்ஜினைச் சுற்றும் வேகத்தில் மேக்னெட்டோவால் சரியான ஸ்பார்க் உண்டாக்க முடியாது. அதனால் இம்பல்ஸ் கப்ளிங் என்று ஒரு ஸ்பிரிங் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அது சுழலியைப் பிடித்து வைத்து, பிஸ்டன் டாப் டெட் சென்டர் (அதன் உச்ச நிலை) பக்கம் வரும்போது பட்டென்று விடும். கையால் ப்ரொப்பல்லரைச் சுற்றும்போது கேட்கும் 'டக்... டக்' சத்தம் அதுதான். இந்தக் கப்ளிங்கின் ரிவெட்டும், பிடித்து நிறுத்தும் 'பால்' (pawl) என்ற கொக்கியும் தேயும். உடைந்தால் துண்டுகள் நேரே பல்சக்கர அறைக்குள் விழும். பெண்டிக்ஸ் மேக்னெட்டோக்களின் கப்ளிங்கை 500 மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி எஃப்ஏஏ 1996-ல் கட்டாய உத்தரவே போட்டது. இது தவிர, ஸ்பார்க் வரவைக்கத் திறந்து மூடும் தொடுமுனையான பாயின்ட் தேயும். பாயின்ட்டைத் தள்ளும் ஃபைபர் கட்டையும் தேயும். பாயின்ட் முகம் அரித்தால் ஸ்பார்க் முந்தும், கட்டை தேய்ந்தால் பிந்தும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும் என்று நம்பி விட்டுவிட முடியாது.

ஷ்யூர்ஃப்ளைக்குள் பாயின்ட் கிடையாது, இம்பல்ஸ் கப்ளிங் கிடையாது. ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை உணர்ந்து எலெக்ட்ரானிக்ஸ் ஸ்பார்க் கொடுக்கிறது. ஸ்டார்ட்டின்போது ஸ்பார்க்கைத் தானே தாமதப்படுத்திக்கொள்ளும். மெதுவாகச் சுற்றினாலும் ஸ்பார்க்கின் பலம் குறையாது. குளிர் காலையிலும், ஓடி நின்று சூடாக இருக்கும் என்ஜினிலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஓவர்ஹால் இடைவெளி 2,400 மணி என்கிறார்கள். பெரும்பாலான லைகமிங் என்ஜின்களின் ஆயுளே 2,000 மணிதான். பழைய பிளக்குகளே போதும். பிளக்குகளுக்குப் போகும் ஒயர் தொகுதியான ஹார்னெஸை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்லிக், பெண்டிக்ஸ் என்ற இரண்டு மேக்னெட்டோ பிராண்டுகளின் ஹார்னெஸ் மூடி ஒன்றல்ல. சில எஞ்ஜின்களில் புது ஹார்னெஸ் வாங்க நேரும். விலைப்பட்டியலில் பெட்டியின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பொருத்தும் வேலை ஒரே நாளில் முடியக்கூடியதுதான். ஆனால் தப்பு நடக்க இரண்டு மூன்று இடம் இருக்கிறது. முதலாவது, டைமிங் வைக்கும் கோணம். மேக்னெட்டோவுக்கு லைகமிங் ரிங் கியரில் (ஸ்டார்ட்டர் சுற்றும் பல் வளையம்) 25 டிகிரி குறியில், அதாவது டாப் டெட் சென்டருக்கு 25 டிகிரி முன்னால், நிறுத்தி டைமிங் வைப்பது வழக்கம். ஷ்யூர்ஃப்ளைக்கு 1-ஆம் சிலிண்டரின் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், சரியாக டாப் டெட் சென்டரில் நிறுத்த வேண்டும். அந்த நிலையில் பெட்டியின் ஷாஃப்ட்டைத் திருப்பினால் அதிலுள்ள சின்ன விளக்கு எரியும் இடம் ஒன்று வரும். அதோடு மாட்டினால் போதும். எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் என்பதைப் பெட்டியில் உள்ள குட்டி ஸ்விட்சுகள் தீர்மானிக்கும். பல வருடப் பழக்கத்தில் ஒரு மெக்கானிக் 25 குறியில் நிறுத்தி மாட்டிவிட்டால் என்ன ஆகும்? பெட்டி அந்த இடத்தையே டாப் டெட் சென்டர் என்று எடுத்துக்கொண்டு, அதற்கும் 25 டிகிரி முன்னால் ஸ்பார்க் கொடுக்கும். ஆக மொத்தம் 50 டிகிரி. ஸ்டார்ட் பண்ணும்போதே ப்ரொப்பல்லர் பின்னுக்கு உதைத்து ஸ்டார்ட்டரின் பல்லைப் பெயர்க்கும்.

லைகமிங் ரிங் கியரில் இன்னொரு குழப்பமும் உண்டு. முன்பக்கக் குறிகளை ஸ்டார்ட்டர் உறையில் உள்ள சின்னத் துளையோடு நேர் பார்க்க வேண்டும். பின்பக்கக் குறிகளை கிராங்க்கேஸின் இணைப்புக் கோட்டோடு பார்க்க வேண்டும். ஒன்றின் குறியை மற்றதன் இடத்தில் வைத்துப் பார்த்தால் பல டிகிரி தவறும். மேல் பிளக்குகளைக் கழற்றி, விரலால் மூடிப் பார்த்து, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்தான் என்று உறுதி செய்த பிறகே குறியைத் தேட வேண்டும். அதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுவது கட்டாயம். காரணம் கீழே.

இரண்டாவது இடம், சாவி ஸ்விட்சின் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ஜம்பர் பட்டை. லைகமிங்கில் பெரும்பாலும் இடது மேக்னெட்டோவில் மட்டும் இம்பல்ஸ் கப்ளிங் இருக்கும். வலது மேக்னெட்டோ ஸ்டார்ட்டின்போது ஸ்பார்க் கொடுத்தால் 25 டிகிரி முன்னாலேயே கொடுக்கும், என்ஜின் உதைக்கும். அதனால் சாவியை 'ஸ்டார்ட்'டில் திருப்பும்போது வலதை எர்த் செய்ய அந்த ஜம்பர் போட்டிருக்கிறார்கள். ஷ்யூர்ஃப்ளையை இடது பக்கம் மாட்டினால் ஜம்பரைத் தொடக்கூடாது. வலது பக்கம் மாட்டி, இடதில் இம்பல்ஸ் மேக்னெட்டோவை விட்டுவைத்தால் ஜம்பரைக் கழற்ற வேண்டும்; இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய பெட்டி ஸ்டார்ட்டின்போது சும்மா இருக்கும். 'புதுசு போட்டும் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது' என்ற புகார் வந்தால் முதலில் இந்த ஜம்பரைப் பாருங்கள்.

எந்தப் பக்கம் மாட்டுவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. இடது பக்கம் மாட்டினால் 500 மணித் தொல்லை தரும் இம்பல்ஸ் கப்ளிங் ஒழியும். ஆனால் பேட்டரி செத்துப்போனால் கையால் ப்ரொப்பல்லரைச் சுற்றி ஸ்டார்ட் பண்ண வழியே இல்லை. ஷ்யூர்ஃப்ளைக்குக் கரண்ட் வேண்டும். மிச்சமிருக்கும் வலது மேக்னெட்டோவுக்குக் கப்ளிங் இல்லை. ஒதுக்குப்புற ஓடுதளங்களுக்குப் போகும் விமானத்துக்கு இது பெரிய இழப்பு. பயிற்சிப் பள்ளி விமானத்துக்கு இடதுதான் சரி. மாணவர் செத்த பேட்டரியோடு கையால் ஸ்டார்ட் பண்ணாமல் இருப்பதே நல்லது.

இனி கரண்ட் விஷயம். கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். ஷ்யூர்ஃப்ளையின் பவர் ஒயர், விமானத்தின் மொத்த மின்சாரத்தையும் அணைக்கும் மாஸ்டர் ஸ்விட்ச் வழியாகப் போகக்கூடாது. நேரே பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும். பறக்கும்போது கேபினில் புகை வந்து மாஸ்டரை அணைத்தாலும் ஸ்பார்க் நிற்கக்கூடாது என்பதற்காக. ஃப்யூஸ் பேட்டரிப் பக்கத்து முனையில் இருக்க வேண்டும். பெட்டியின் பக்கம் வைத்தால் நடுவில் உரசி ஷார்ட் ஆகும் ஒயரை அது காப்பாற்றாது. பல 172-களில் பேட்டரி ஃபயர்வாலிலேயே இருப்பதால் ஒயர் குட்டை. வால் பகுதியில் பேட்டரி வைத்த விமானங்களில் முழு நீளம் இழுக்க வேண்டும். அங்கேதான் வேலை நேரம் கூடும்.

இதன் மறுபக்கம்: மாஸ்டர் அணைந்திருந்தாலும் பெட்டிக்கு எப்போதும் கரண்ட் இருக்கிறது. அணைப்பது பழைய மாதிரியே, சாவி ஸ்விட்சிலிருந்து வரும் பி-லீடு ஒயரை எர்த் செய்வதால்தான். அந்த ஒயர் அறுந்தால், சாவி 'ஆஃப்'பில் இருந்தும் ப்ரொப்பல்லரைத் திருப்புபவருக்கு ஆபத்து. பொருத்தும்போதும் பிரிக்கும்போதும் பேட்டரியைக் கழற்றச் சொன்னதற்கு இதுவே காரணம்.

வோல்டேஜ் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2007-ல் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் நடந்த விபத்து பாடம். டயமண்ட் டிஏ42, இரண்டு தியெலெர்ட் டீசல் என்ஜின். பேட்டரி இறங்கியிருந்ததால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்து புறப்பட்டார்கள். சக்கரத்தை உள்ளிழுத்தபோது வோல்டேஜ் சரிந்தது. என்ஜினைக் கட்டுப்படுத்தும் இரு கம்ப்யூட்டர்களும் ரீசெட் ஆகி, இரண்டு என்ஜினும் நின்றன. அது வேறு தொழில்நுட்பம்தான். ஆனால் மின்சாரத்தை நம்பும் என்ஜினில் பேட்டரியும் என்ஜினின் ஒரு பாகம் என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஷ்யூர்ஃப்ளையோடு ஒரு மேக்னெட்டோவை விட்டுவைத்திருப்பதன் அருமை இங்கேதான். ஆல்டர்னேட்டர் போய், பேட்டரியும் வற்றினால் அந்த ஒற்றை மேக்னெட்டோவில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்; ஆர்பிஎம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். போட்டியாளரான பி-மேக் தனக்குள்ளேயே குட்டி ஜெனரேட்டர் வைத்து, ஒரு அளவு ஆர்பிஎம்முக்கு மேல் தானே கரண்ட் எடுத்துக்கொள்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அது ஒரு படி மேல்.

இப்போது பெட்ரோல் மிச்சம். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிவது நொடியில் முடிகிற வேலை இல்லை. 2,400 ஆர்பிஎம்மில் கிராங்க்ஷாஃப்ட் ஒரு மில்லிசெகண்டில் 14.4 டிகிரி சுற்றுகிறது. 25 டிகிரி என்பது 1.7 மில்லிசெகண்ட். முழு த்ரோட்டிலில், கடல் மட்டத்தில், காற்று அடர்த்தியாக இருக்கும்போது இந்த அவகாசம் போதும். உயரம் போகப்போக, மேனிஃபோல்ட் அழுத்தம் (சிலிண்டருக்குப் போகும் காற்றின் அழுத்தம்) குறையக் குறைய, மிக்சரை லீன் பண்ணப் பண்ண (பெட்ரோலைக் குறைக்கக் குறைக்க), சுடர் மெதுவாகப் பரவும். ஸ்பார்க்கை முன்னால் தள்ளினால்தான் அழுத்தத்தின் உச்சம் சரியான இடத்தில் வரும். ஷ்யூர்ஃப்ளையை இரண்டு விதமாக வைக்கலாம்: மேக்னெட்டோ போல நிலையான டைமிங், அல்லது மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்த்து அதிகபட்சம் 38 டிகிரி வரை முந்தும் டைமிங். இரண்டாவதற்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் வர வேண்டும்.

ஆகவே புறப்படும்போது கூடுதல் பவர் எதுவும் வராது. அப்போது டைமிங் பழைய இடத்திலேயே இருக்கும். பலன் 8,000 அடி, 10,000 அடியில் நீண்ட பயணம் போகிறவருக்கு. 1,000 அடியில் ஓடுதளத்தைச் சுற்றிச் சர்க்யூட் அடிக்கும் பயிற்சி விமானத்துக்கு இந்தக் கணக்கு ஏறாது. இன்னொன்று: முந்தும் டைமிங்கில் ஒரு பிளக் மட்டுமே முந்துகிறது. மறுபக்கம் மேக்னெட்டோ 25 டிகிரியில் ஸ்பார்க் கொடுக்கும்போது சுடர் ஏற்கெனவே ஒரு பக்கத்திலிருந்து கிளம்பியிருக்கும். 130 மில்லிமீட்டர் அகல சிலிண்டரை முதலில் ஒரு சுடர்தான் கடக்க ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கமும் எலெக்ட்ரானிக் போட்ட சோதனை விமானங்களின் மிச்சக் கணக்கை இங்கே அப்படியே எதிர்பார்க்கக்கூடாது.

மீட்டர்களும் மாறும். இஜிடி (புகைக்குழாய்ச் சூடு) இறங்கும், சிலிண்டர் ஹெட் சூடு ஏறும். எரிதல் சீக்கிரம் முடிவதால் சூடு புகைக்குழாய்க்குப் போகாமல் சிலிண்டரில் நிற்கிறது. புறப்படும் முன் என்ஜினைச் சோதிக்கும் ரன்-அப்பில் த்ரோட்டில் குறைவாக இருப்பதால் டைமிங் முந்தியிருக்கும். ஷ்யூர்ஃப்ளையில் மட்டும் ஓட்டினால் ஆர்பிஎம் கொஞ்சமே குறையும். மேக்னெட்டோவில் மட்டும் ஓட்டினால் நிறையக் குறையும். பழைய 172 கையேட்டின் '125-க்கு மேல் விழக்கூடாது, வித்தியாசம் 50-க்குள்' என்ற விதியை அப்படியே வைத்துப் பார்த்தால் நல்ல மேக்னெட்டோவைக் கெட்டது என்று கழற்றுவீர்கள். சான்றோடு வரும் இணைப்புத் தாளில் உள்ள எண்ணைத்தான் எடுக்க வேண்டும். முதல் சில மணி நேரம் நிலையான டைமிங்கில் ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டரின் சூட்டையும் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு முந்தும் டைமிங்குக்குப் போவது நல்லது. முதலிலேயே மாற்றினால் எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது.

அந்த ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. கழன்று விழுந்தால் சென்சார் வெளிக்காற்று அழுத்தத்தைப் பார்க்கும். டைமிங் பின்னுக்கு வரும். டர்போ இல்லாத என்ஜினுக்கு ஆபத்தில்லை. மடங்கி அடைத்துக்கொண்டால்தான் வினை. குறைந்த அழுத்தம் உள்ளேயே சிக்கி நிற்க, நீங்கள் த்ரோட்டிலை முழுக்கத் திறந்தாலும் ஸ்பார்க் முந்தியபடியே இருக்கும். ஹோஸைக் கூர்மையாக வளைக்காதீர்கள், எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். டர்போ என்ஜினில் கழன்றாலே கேடு: 15,000 அடியில் வெளிக்காற்று மெல்லியது, உள்ளே டர்போ ஏற்றிய அழுத்தம். டர்போக்காரர்கள் நிலையான டைமிங்கோடு நிற்பதுதான் புத்தி.

இங்கேதான் பெட்ரோல் குறுக்கே வருகிறது. இந்த விமானங்கள் இன்று பயன்படுத்தும் நீல நிற 100 எல்எல் பெட்ரோலில் ஒரு லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். ஆக்டேனை (பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவை) தூக்கிப் பிடிப்பது அதுதான். அமெரிக்காவின் ஈகிள் திட்டம் 2030-க்குள் ஈயத்தை விடுவது என்று இலக்கு வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் 2022 ஜனவரியிலேயே 100 எல்எல் விற்பதை நிறுத்தினார்கள். நம்மூரில் இந்தியன் ஆயில் 2022-ல்தான் சொந்தமாக 100 எல்எல் தயாரிக்க ஆரம்பித்தது. இங்கே நீலப் பெட்ரோல் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பார்க்கை முன்னால் தள்ளுவதும் ஆக்டேனைக் குறைப்பதும் ஒரே கணக்கிலிருந்து பணம் எடுக்கிற மாதிரி. இரண்டும் டெட்டனேஷனுக்கு (பெட்ரோல் சீராக எரியாமல் தானே வெடிப்பதற்கு) முன் இருக்கும் இடைவெளியைத்தான் தின்கின்றன. யுஎல்94 என்ற ஈயமில்லாப் பெட்ரோல் 7:1 கம்ப்ரஷன் உள்ள 150 குதிரைத் திறன் ஓ-320 மாதிரி என்ஜின்களுக்குத் தாராளமாகப் போதும். 8.7:1 உள்ள 200 குதிரைத் திறன் ஐஓ-360-க்குப் போதாது. குறைந்த ஆக்டேனில் ஓட அனுமதித்த சான்று, பெரும்பாலும் என்ஜினின் மூல டைமிங்கை வைத்துச் சோதித்தது. அதன் மேல் 38 டிகிரியை ஏற்றுவதற்கு இரண்டு சான்றுகளும் ஒன்றாகச் செல்லும் என்று எழுத்தில் வேண்டும். இல்லையென்றால் ஷ்யூர்ஃப்ளையை நிலையான டைமிங்கில் வைத்துவிடுங்கள். ஸ்டார்ட்டும் பராமரிப்பு லாபமும் அப்போதும் கிடைக்கும்.

ஈயமில்லாப் பெட்ரோலில் இக்னிஷனுக்கு ஒரு நல்லதும் உண்டு. கீழ் பிளக்குகளில் சேரும் ஈய உருண்டைகள் இருக்காது. ரன்-அப்பில் மிக்சரை லீன் பண்ணிச் சுட்டெரிக்கும் வேலை மிச்சம். ஆனால் பெட்ரோல்கள் ஒன்றுபோல் இல்லை. நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் 2023-ல் தன் பயிற்சி விமானங்களை யுஎல்94-க்கு மாற்றி, எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேய்வதைப் பார்த்து அந்த வருடமே 100 எல்எல்-லுக்குத் திரும்பியது. பெட்ரோலில் அரோமேட்டிக் என்ற ஹைட்ரோகார்பன் வகையின் அளவு குறைவாக இருப்பது ஒரு காரணம் என்றது லைகமிங். அரோமேட்டிக் நிறைந்த ஜி100யுஎல் என்ற ஈயமில்லாப் பெட்ரோல் 2022 செப்டம்பரில் எல்லா ஸ்பார்க் என்ஜின்களுக்கும் சான்று பெற்றது, ஆக்டேன் தாராளம். ஆனால் பெயின்ட், டேங்க் சீலன்ட் பற்றிப் புகார்கள் எழுந்தன. சிர்ரஸ் நிறுவனம் 2024-ல் தன் விமானங்களுக்கு அதை ஏற்கவில்லை என்று அறிவித்தது. ஸ்விஃப்ட் 100ஆர் என்ற இன்னொரு ஈயமில்லாப் பெட்ரோல், 172-ன் புது மாடல்களோடு தொடங்கி ஒவ்வொன்றாகப் பட்டியலை நீட்டி வருகிறது. மெதுவான வழிதான், ஆனால் அதுவே நம்பிக்கை தருகிறது.

யார் வாங்கவே கூடாது? லைகமிங் மாடல் எண்ணின் கடைசியில் 'டி' இருப்பவர்கள். 1970-களின் கடைசி 172என்-ல் உள்ள ஓ-320-எச்2ஏடி அப்படி. அதில் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே உடம்பில், ஒரே ஷாஃப்டில். ஒன்றை மட்டும் கழற்ற வழியில்லை. வாங்குவதற்கு முன் என்ஜின் தகட்டைப் பாருங்கள், விமானத்தின் பெயரைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். இந்தியாவில் பதிவான விமானமென்றால் எஃப்ஏஏ சான்று மட்டும் போதாது. இந்திய விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ-யின் ஏற்பு வேண்டும், காகித வேலையை முடித்துவிட்டுப் பெட்டியை வரவழையுங்கள்.

கடைசியாக ஒரு செலவில்லாத யோசனை. இம்பல்ஸ் மேக்னெட்டோவைக் கழற்றும்போது அதன் கீழிருந்த ஸ்பேசர், பல்சக்கரம், நீள ஸ்டட்டுகள் எல்லாம் வெளியே வரும். ஷ்யூர்ஃப்ளைக்கு அவை வேண்டியதில்லை. குப்பையில் போடாமல், என்ஜின் எண்ணை எழுதி ஒரு பையில் கட்டி வையுங்கள். வெளியூர் ஓடுதளத்தில் பெட்டி கோளாறானால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரு ஸ்லிக் மேக்னெட்டோதான். அந்த ஸ்பேசரும் சக்கரமும் இல்லாமல் அதை மாட்ட முடியாது.